ஊர் சுற்றி வந்த இழை

காவிரி சற்றே முதுகைத் திருப்பிக்கொண்டு போகிற இடத்தில் ஓடப்பாளையம் என்று ஓர் ஊர். விசைத்தறிச் சத்தம் நின்றால் கைக்குழந்தைகள் விழித்துக்கொண்டு அழும், கோயில் பூசாரிகூடத் தறிக்கு மேலே குரலெடுத்துத்தான் சாமியைக் கூப்பிட வேண்டும், அப்படிப்பட்ட ஊர். அந்த ஊரில் பாவு பிணைக்கிற துளசிமணி, மணிக்கட்டுக் காயம் ஆறிய இருபத்திரண்டாம் நாள், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், இடது கையால் புளி கரைத்துக்கொண்டிருந்தபோது, அவளுடைய வலது மணிக்கட்டுத் தழும்பின் ஓரத்திலிருந்து வெள்ளையாக ஓர் இழை வெளியே எட்டிப் பார்த்தது.

கட்டுத் துணியின் பிசிர் என்று நினைத்து இழுத்தாள். முழங்கை வரைக்கும் மின்சாரம் பாய்ந்த மாதிரி ஒரு வெட்டு வெட்டியது. "இது என்ற ஒடம்புதான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு விட்டுவிட்டாள். ரசத்தைக் கூட்டி வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது, இழை அம்மிக்கல்லைத் தாண்டி, நிலைப்படியைத் தடவித் தடவி ஏறி, வாசலுக்குப் போய்க்கொண்டிருந்தது. அவள் நடந்தால் அது கூடவே நீண்டது, உட்கார்ந்தால் சுருங்கிக்கொண்டது, கதவைச் சாத்தினால் கதவிடுக்கில் நசுங்காமல் இருந்தது. அது எப்படி என்று அவளும் கேட்கவில்லை, வேறு யாரும் கேட்கவில்லை.

தறி தெரியாதவர்களுக்குப் பாவு பிணைப்பதைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் கதை புரியாது. நெய்து நெய்து தறியில் பாவு, அதாவது நீளவாக்கில் ஓடுகிற நூல், தீரப்போகிற நேரத்தில், பழைய பாவை உருவி எறிந்துவிட மாட்டார்கள். அதன் ஒவ்வொரு இழையும் தனித்தனித் துளை வழியாகப் புகுந்து வந்திருக்கிறது. அத்தனையையும் புதிதாகக் கோர்ப்பதென்றால் தறி நாள்கணக்கில் சும்மா நிற்கும். அதனால் பழைய இழையின் வாலையும் புது இழையின் தலையையும் சேர்த்து வைத்து, விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு முறுக்கு. முடிச்சு கிடையாது, பசை கிடையாது, முறுக்கு மட்டும்தான். அப்படி மூவாயிரத்துச் சொச்சம் இழை. பிறகு பழையதை மெல்ல இழுத்தால், புதியது அதைப் பிடித்துக்கொண்டே அதே துளைகள் வழியாகத் தத்தம் இடத்துக்கு வந்து சேரும். துளசிமணி பேசிக்கொண்டே பிணைப்பாள், கண் எங்கோ இருக்கும், விரல்தான் பார்க்கும். வலது கைக்காரி முறுக்கினால் முறுக்கு ஒரு பக்கம் சாயும், இடது கைக்காரி முறுக்கினால் மறுபக்கம் சாயும். ஆனால் துணி மடித்துப் போன பிறகு அதையெல்லாம் யார் உட்கார்ந்து பார்க்கப்போகிறார்கள்.

அந்த விரல்கள்தான் போய்விட்டன. ஆனி மாதக் காற்றில் பட்டறை ஜன்னல் அடித்துக்கொண்டது, சாத்தப் போனாள், கண்ணாடி உடைந்து மணிக்கட்டின் உள்பக்கம் இறங்கியது. தையல் போட்டார்கள், காயம் ஆறியது, ஆனால் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் யாரோ கொண்டுவந்து ஒட்டவைத்த விரல்கள் போல ஆகிவிட்டன. இட்லிப் பானையின் ஆவி பட்டுக் கொப்புளம் போட்ட பிறகுதான், சுட்டது என்பதைக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டாள். அன்றைக்கு அவள் அழுத அழுகையை அவள் புருஷன் அத்தியப்பன் தவிர யாரும் பார்க்கவில்லை.

கோயம்புத்தூரில் கை பார்க்கிற டாக்டர் நிலோபர், சின்ன உருவம், பெரிய கண்ணாடி, எதையும் ஒளிக்காமல் சொல்லுகிற பெண். "வெட்டுப்பட்ட நரம்பு சாகாது, துளசிமணி அக்கா. நுனியில கை மாதிரி ஒண்ணு முளைச்சு, தடவிக்கிட்டே முன்னால வரும். ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர். பழைய நரம்பு காலி பண்ணிட்டுப் போன குழாய் இருக்கும், அதைப் பிடிச்சுக்கிட்டு விரலுக்குப் போயிடும். ஆனா நடுவுல தழும்பு கெட்டியா நிக்குது. பதினெட்டு மாசத்துக்குள்ள போய்ச் சேரலைன்னா, அப்புறம் சேர்ந்தாலும் பிரயோஜனமில்லை, விரல் காத்திருந்து காத்திருந்து மறந்துடும்."

"பதினெட்டு மாசமுன்னா?"

"அடுத்த வருஷம் மார்கழி."

துளசிமணிக்கு நரம்பு வளர்கிற விதம் உடனே பிடிபட்டது. பழைய இழையைப் பிடித்துக்கொண்டு புது இழை வருவது. அவள் வாழ்நாள் முழுக்கச் செய்த வேலை அதுதானே. பிடிபடாதது ஒன்றுதான். உள்ளே போக வேண்டிய இழை வாசலைப் பார்த்து வெளியே போய்க்கொண்டிருந்தது.

ஊர் ஆச்சரியப்படவில்லை. நூலைக் கண்டு ஓடப்பாளையம் ஆச்சரியப்பட்டதாகச் சரித்திரமே கிடையாது. டீக்கடையில் முதல் சண்டை நூல் நம்பரைப் பற்றித்தான் வந்தது. நூற்றிருபதாம் நம்பர் என்று ஒரு கட்சி, இல்லை, இந்த மினுமினுப்பு பட்டுக்குத்தான் உண்டு என்று இன்னொரு கட்சி, இரண்டு கட்சியும் குனிந்து குனிந்து பார்த்து, டீ ஆறிப் போய், கடைசியில் இது மில்லில் நூற்ற நூல் இல்லை, ஆள் நூற்ற நூல் என்று முடிவு செய்து எழுந்து போனார்கள். நாளொன்றுக்கு ஒரு வீட்டு வாசல் தூரம் அது போயிற்று. எந்த வாசலில் இன்றைக்கு நிற்கிறது என்பதைப் பால்காரர் முதல் வாசலிலேயே சொல்லிவிட்டுப் போவார். அது போகிற பக்கத்துப் பட்டறைகளில் அதிர்ச்சி குறையத் தறியின் காலடியில் ரப்பர் வைத்தார்கள். சாலையைக் கடக்கிற இடத்தில் நகராட்சி ஆட்கள் வந்து வேகத்தடையில் விரல் அகலத்துக்குக் காடி வெட்டி, மேலே இரும்புப் பட்டை போட்டுக் கொடுத்தார்கள். கோப்பில் என்ன எழுதினீர்கள் என்று கேட்டதற்கு வடிகால் என்று எழுதியிருப்பதாகச் சொன்னார்கள். கல்யாண ஊர்வலம் வந்தபோது மாப்பிள்ளை காரிலிருந்து இறங்கி, ஜரிகை வேட்டியைத் தூக்கிக்கொண்டு தாண்டி, மறுபக்கம் போய் மறுபடி ஏறிக்கொண்டார். மேளக்காரர்கள் அந்த இடத்தில் மட்டும் மெதுவாக அடித்தார்கள்.

பெண்கள் சும்மா இருப்பார்களா, மஞ்சள் குங்குமம் வைத்தார்கள். துளசிமணி அடுப்படியிலிருந்து, "அரிக்குதுங், தொடைங்!" என்று கத்தினாள். அப்போதுதான் ஊருக்கு இன்னொன்று தெரிந்தது. இழை தொடுவதெல்லாம் அவளுக்குத் தெரிந்தது. சொந்த விரலில் ஊசி ஏற்றினாலும் தெரியாது, ஆனால் அதே விரலின் இடத்தில், எங்கோ தூரத்தில், ரேஷன் கடைக் கம்பியின் குளிர்ச்சி தெரிந்தது, டீக்கடை பெஞ்சின் ஈரம் தெரிந்தது, கோயில் மணிக் கயிற்றின் எண்ணெய்ப் பிசுக்கு தெரிந்தது, பட்டறைச் சுவரின் நடுக்கம் நாள் முழுக்கத் தெரிந்தது. ஒரு நாள் பகலில் சோற்றில் கை வைத்தவள் அப்படியே நிறுத்தினாள்.

"ஏனுங்," என்று அத்தியப்பனைக் கூப்பிட்டாள். "வடக்கு வீதியில பச்சை ஜன்னல் வீடு. கம்பியப் புடிச்சுட்டு ஒரு கொழந்தை நிக்குது. கையி கொதிக்குதுங். அதோட ஆத்தா பட்டறைக்குப் போயிருப்பா, ஓடிப் போயிச் சொல்லுங்."

குழந்தைக்கு நூற்று மூன்று காய்ச்சல். அதற்குப் பிறகு ஊரில் ஒரு பழக்கம் வந்துவிட்டது. ஷிப்டுக்குப் போகிறவர்கள் போகிற போக்கில் இரண்டு விரலால் இழையை லேசாகத் தொட்டுவிட்டுப் போவார்கள். துளசிமணிக்கு வணக்கம் வைக்கிறது என்று அதற்குப் பெயர். எல்லாக் கையும் அவளுக்குத் தெரிந்தது, பஞ்சு மில் கையின் சொரசொரப்பு, சாயப்பட்டறைக் கையின் வெடிப்பு, புதிதாகத் தாயானவளின் கையில் இருக்கிற வெதுவெதுப்பு. முப்பத்தெட்டு வருஷம் ஓர் ஊரில் இருந்தும் இத்தனை கை இங்கே இருப்பது தனக்குத் தெரியாமல் போயிற்றே என்று அவள் வியந்து வியந்து உட்கார்ந்திருந்தாள். ஆனாலும் சாயங்காலம் ஆனால், தன் மூன்று விரல்களையும் இடது கையால் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு பார்ப்பாள். ஊரையெல்லாம் தொட்டுவிட்டு வருகிற இழைக்குத் தன் விரலைத் தொட மட்டும் வழி தெரியவில்லையே என்று அவளுக்கு வேதனையாக இருந்தது.

அடுத்த வருஷம் தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, டாக்டர் நிலோபர் தானே பஸ் ஏறி ஓடப்பாளையத்துக்கு வந்தாள். ஆபரேஷன் செய்துவிடலாம், வெளியே வந்ததை வெட்டிவிட்டு, காலிலிருந்து கொஞ்சம் நரம்பு எடுத்து உள்ளே பாலம் கட்டலாம் என்று சொல்லத்தான் வந்தாள். அன்றைக்கு இழை பழைய பஸ் நிறுத்தத்தில் இருந்தது. டாக்டரம்மா சேலையைச் செருகிக்கொண்டு நடுத்தெருவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பூதக்கண்ணாடி வழியாக நுனியைப் பார்த்தாள். பார்த்தவள் அரை மணி நேரம் எழுந்திருக்கவில்லை. வெயிலுக்கு யாரோ குடை பிடித்தார்கள்.

"அக்கா, இங்க வந்து பாருங்க," என்று கூப்பிட்டாள். நுனியில், கடுகளவில், பிறந்த குழந்தையின் உள்ளங்கை விரிந்த மாதிரி ஒன்று இருந்தது. அதிலிருந்து மயிரிலும் மெல்லிய விரல்கள் நாலாபக்கமும் நீண்டு தடவின. "ஒரு விரல் இந்த பிளாஸ்டிக் போர்டைத் தொட்டதும் சுருங்கிக்குது பாருங்க, அந்த இடம் வேண்டாம்னு சொல்லுது. இன்னொரு விரல் கம்பத்தைப் பிடிச்சுக்கிச்சு. பிடிச்சதும், இங்க பிடிமானம் இருக்குன்னு சேதி உள்ளே போகும். உள்ளே ஆளுங்க சாரம் கட்டுவாங்க. சாரம் கட்டினதும் உடம்பை இழுத்து முன்னால வைக்கும். அவ்வளவுதான் அதுக்குத் தெரிஞ்சது. கண்ணு கிடையாது, காது கிடையாது. ஒட்டுறது ஒண்ணுதான்."

"ரொம்ப ஒட்டிப் போச்சுன்னா?"

"அங்கயே நின்னுடும். ஒட்டணும், விடணும், மறுபடியும் ஒட்டணும்." டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "இருபது வருஷமா இதைப் புத்தகத்துல படமா பார்த்திருக்கேன். நேர்ல பார்ப்பேன்னு நினைக்கவே இல்லை. ஒண்ணு சொல்றேன், வழி தவறின நரம்பு இப்படிப் போகாது, சுருண்டு முடிச்சாயிடும். இது தெரிஞ்ச வழில போகுது. எனக்கு இதை வெட்ட மனசு வரலை. மார்கழி வரைக்கும் பார்ப்போம்."

தெரிந்த வழி என்ற சொல் துளசிமணியின் மண்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அன்றிலிருந்து இழை தொட்ட இடங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். புதிதாகக் கட்டிய மண்டபத்தை அது தொடவே இல்லை, சுற்றிக்கொண்டு போயிற்று; அந்த மண்டபத்துக்குள் அவள் போனதே இல்லை. பஸ் நிறுத்தத்தில் நாலு கம்பம் இருக்க மூன்றாவதை மட்டும் பிடித்தது; பஸ்ஸுக்கு நின்றால் அவள் சாய்ந்து பிடிக்கிற கம்பம் அது. ஐந்து பட்டறைக்குள் நுழைந்து, அவள் பாவு பிணைத்த தறிகளை மட்டும் ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. அவள் விரல் தொட்ட இடமாகத் தொட்டுப் போகிறது. அதுவும் எந்த வரிசையில்? முதலில் போன மாதம் தொட்டவை, பிறகு போன வருஷம் தொட்டவை, பிறகு அதற்கும் முந்தியவை. அவளுடைய நாட்களையெல்லாம் பழைய பாவு போல வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தொடுகையாகப் பிடித்துப் பின்னாலே பின்னாலே போய்க்கொண்டிருந்தது. இதை அறிந்தபோது அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. புரட்டாசி கடைசியில் இழை மேற்கே திரும்பிக் கிணற்று வீதிக்குள் நுழைந்தது என்று பால்காரர் சொன்னபோது, பால் வாங்காமலே உள்ளே போய்விட்டாள்.

கிணற்று வீதிக்குள் அவள் கால் வைத்து ஆறு வருஷம் ஆகிறது. அங்கேதான் மயிலாத்தா வீடு.

மயிலாத்தாவும் அவளும் பதினான்கு வருஷம் ஒரே பாவுக்கு இரண்டு பக்கம் உட்கார்ந்து பிணைத்தவர்கள். மயிலாத்தாவுக்கு இடது கைப் பழக்கம். அதனால் இரண்டு பேரும் தோளோடு தோள் இடிக்காமல், இரண்டு ஓரத்திலிருந்தும் பிணைத்துக்கொண்டு வந்து நடுவில் சந்திப்பார்கள். ஊரில் அவர்களை இரட்டை மாடு என்பார்கள். ஒரு முறை சிவப்புக் கரை போட்ட துண்டுப் பாவு. நடுவில் சந்திக்கிற இடத்தில் ஒரு சிவப்பு இழை, வெள்ளையோடு சேர்ந்துவிட்டது. யாரும் கவனிக்கவில்லை. நூற்றுக்கணக்கான துண்டு, எல்லாவற்றுக்கும் நட்டநடு வெள்ளையில் ஒரு சிவப்புக் கோடு. பட்டறைக்காரர் ஊர் கூடி நிற்கக் கத்தினார். துளசிமணி, "என்ற கை தப்பாதுங்" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை, சொல்லவும் தேவையில்லை, இருந்தது இரண்டு பேர்தானே. அன்று சாயங்காலம் மயிலாத்தா தன் வாசலில் வைத்து அவள் கையைப் பிடித்து, "உள்ள வா புள்ள, உக்காந்து பேசிக்கலாம்" என்றாள். துளசிமணி கையை உதறினாள். "இனி உனக்கும் எனக்கும் ஒட்டுமில்ல, ஒறவுமில்ல" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டாள்.

அதோடு முடிந்திருந்தால் அது வெறும் சண்டை. இரண்டு மாதம் கழித்து, பட்டறையில் வெட்டி எறிந்த துணித் தலைப்பு ஒன்றைச் சட்டி பிடிக்க ஆகுமென்று எடுத்து வந்தாள். பாவு பிணைத்த இடம் அந்தத் தலைப்பில்தான் இருந்தது. சிவப்பு இழையின் முறுக்கு எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. துளசிமணி அதை நாலாக மடித்து டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்தாள். போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள். பொங்கல் போகட்டும் என்றாள், ஆடி போகட்டும் என்றாள், நாளாக நாளாகச் சொல்ல வேண்டிய வார்த்தை தொண்டையிலேயே தழும்பாகிப் போயிற்று.

இழை ஐப்பசி பத்தாம் தேதி மயிலாத்தா வீட்டு வாசலுக்கு வந்து நின்றது. நின்றது என்றால் நின்றே விட்டது. பழைய கடப்பைக் கல் படியைப் பெயர்த்துவிட்டு, மயிலாத்தாவின் மகன் வழவழவென்று கிரானைட் போட்டிருந்தான், முகம் பார்க்கலாம். அந்தக் கல்லில் துளசிமணியின் விரல் பட்டதே இல்லை. நுனி அதைத் தொடும், வழுக்கும், சுருங்கும், மறுபடி தொடும். துளசிமணிக்கு வீட்டில் உட்கார்ந்தபடி அந்த வழுக்கல் தெரிந்தது; பிடிக்க ஒன்றுமே இல்லாத ஒரு குளிர்ச்சி, நாள் முழுக்க, பதினோரு நாள். நுனி பிசிர்விடத் தொடங்கிவிட்டது என்று ஊர் கவலைப்பட்டது. போய்ப் பார் என்று எல்லோரும் சொன்னார்கள். அவள் போகவில்லை. மயிலாத்தாவும் கதவைத் திறந்து போவாள், வருவாள், இழையை மிதிக்காமல் தாண்டுவாள்.

இங்கேதான் அத்தியப்பன் வருகிறான். அவனுக்கு சைசிங் மில்லில் வேலை, இருபது வருஷமாகப் பாவு நூலுக்குக் கஞ்சி போடுகிறவன். நல்லவன். பெண்டாட்டியின் நரம்பு பிசிர்விட்டு நிற்பதைப் பதினோரு நாள் பார்த்தவனுக்குப் பொறுக்கவில்லை. பிசிர்விட்ட நூலுக்கு என்ன செய்வது என்று இந்த உலகத்தில் அவனுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. மரவள்ளி மாவில் பதமாகக் கஞ்சி காய்ச்சி, தூக்குப் போசியில் கொண்டுபோய், பிரஷ்ஷால் நுனியிலிருந்து நாலு வீட்டு வாசல் நீளத்துக்கு மெழுகிவிட்டான். வீதியே கூடி நின்று, கை தேர்ந்த கை என்று பாராட்டியது. ஓடப்பாளையத்தில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். இழை விறைப்பாக, மினுமினுப்பாக, தறியில் ஏற்றலாம் போல ஆகிவிட்டது.

கஞ்சி காய்ந்ததும் துளசிமணிக்கு எல்லாம் நின்று போயிற்று. மணிக்கயிறு இல்லை, பெஞ்சு இல்லை, ஒரு கையும் இல்லை. ஊர் முழுக்க ஒரே நேரத்தில் தறி நின்ற மாதிரி இருந்தது.

"நல்லதுன்னுதான் செஞ்சேன் அம்முணி," என்று அத்தியப்பன் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். அவள் அவனைத் திட்டவில்லை. போனில் டாக்டர் நிலோபர் சொன்னாள், "நுனியை மூடிட்டீங்க. இனி அதால எதையும் தொட முடியாது. கழுவணும், ஆனா இழுத்துடக் கூடாது. இழுத்தா அறுந்துடும். அந்த மாதிரி கை யாருக்கு இருக்குன்னு எனக்குத் தெரியலை. மார்கழிக்கு இன்னும் ஆறு வாரம்தான் இருக்கு, அக்கா."

அந்த மாதிரி கை ஊரில் இரண்டு பேருக்கு உண்டு. அதில் ஒன்று செத்துக் கிடந்தது.

கார்த்திகை மாதம், மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்துகிற நாள் வந்தது. அன்றைக்கு மட்டும் ஓடப்பாளையத்தில் தறி ஓடாது. கைக்குழந்தைகள் எல்லாம் அழுதுகொண்டிருக்க, பெரியவர்கள் வாசலில் உட்கார்ந்து ஒருவர் குரலை ஒருவர் புதிதாகக் கேட்கிற மாதிரி கேட்டுக்கொண்டிருந்தார்கள். பகல் பதினோரு மணி. துளசிமணி முறத்தில் அரிசி வைத்துக்கொண்டு இடது கையால் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அப்போது, இருபத்தைந்து நாளாக ஒன்றுமே இல்லாத அந்த இடத்தில், ஈரம் பட்டது.

வெதுவெதுப்பான ஈரம். ஒரு சொட்டு, பிறகு இன்னொன்று. பாவு பிணைக்கிறவர்கள் கஞ்சி கெட்டித்த இழையை எச்சில் தொட்டு இளக்குவார்கள். எச்சில் பட்டால் மாவு கரையும் என்று அவர்களுக்கு எந்தப் புத்தகமும் சொல்லித் தரவில்லை. யாரோ விரலை நாக்கில் தொட்டு, இழையில் வைத்து, பொறுத்திருந்து, துடைத்து, மறுபடி தொட்டு, இழுக்காமல், ஒரு தடவைகூட இழுக்காமல், நெல் அளவு நெல் அளவாக நுனியை நோக்கி வந்துகொண்டிருந்தார்கள். துளசிமணி முறத்தை வைத்துவிட்டாள். கண்ணை மூடிக்கொண்டாள். நுனி திறந்தது. திறந்ததும் அதைச் சாம்பல் தொட்ட ஒரு விரல் தொட்டது. ஆள்காட்டி விரல். ஓரத்தில் பயறு அளவுக்குக் காய்ப்பு. அந்தக் காய்ப்பு இடது கையில்தான் இருக்க முடியும்.

"மயிலா," என்று துளசிமணி வாய்விட்டுச் சொன்னாள். செருப்புப் போட மறந்து வாசலில் இறங்கி ஓடினாள்.

கிணற்று வீதி முழுக்க வாசலில் உட்கார்ந்திருந்தது. மயிலாத்தா கிரானைட் படியில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள், தலை பாதி நரைத்துவிட்டது, பக்கத்தில் வெந்நீர்ச் சொம்பும் ஒரு கொட்டாங்குச்சியில் சாம்பலும் இருந்தன. இடது கையை மல்லாத்திக் கல்லின் மேல் வைத்திருந்தாள். இழை அந்த உள்ளங்கையில் ஏறி நின்றது. வழுக்கவில்லை, சுருங்கவில்லை. தடவியது, பிடித்தது, விட்டது, மறுபடி பிடித்தது, ரேகை ரேகையாக ஏறி விரல் நுனிக்கு வந்தது. ஆறு வருஷத்துக்கு முன் ஒரு சாயங்காலம் துளசிமணியின் விரல் கடைசியாகத் தொட்டுவிட்டு உதறிய இடம் அதுதான்.

மயிலாத்தா நிமிர்ந்து பார்க்காமல் சொன்னாள். "நின்னுட்டே இருந்தா? கையக் குடு."

துளசிமணி உட்கார்ந்து, செத்த விரலை இடது கையால் தூக்கி, அவள் விரலுக்கு நேரே வைத்தாள். நடுவில் ஒரு நூலிழை இடைவெளி இருந்தது. இழை அந்த இடைவெளியைத் தடவிப் பார்த்தது. பிறகு தாண்டியது. துளசிமணியின் ஆள்காட்டி விரலின் நுனியில், நகத்துக்குக் கீழே, சதைக்குள் அது புகுந்ததை வீதியே பார்த்தது. அவளுக்குத் தலை சுற்றியது. ஏனென்றால் மயிலாத்தாவின் கையை அவள் இரண்டு முறை தொட்டாள், ஊரைச் சுற்றி வந்த இழை வழியாக ஒரு முறை, தன் சொந்த விரலால் ஒரு முறை, இரண்டும் ஒரே நேரத்தில். காய்ப்பு அதே காய்ப்பு. சாம்பல் அதே சாம்பல். விரல் சுட்டது, நடுங்கியது, வலித்தது, அந்த வலி அவளுக்கு அவ்வளவு இனிமையாக இருந்தது.

அவள் அழுதாள். அழுதுகொண்டே, ஆறு வருஷமாகத் தொண்டையில் இருந்ததைச் சொன்னாள். "அந்தச் செவப்பு இழை நாந்தான் புள்ள. முறுக்கு என்ற கை முறுக்கு. அப்பவே பாத்துட்டேன். பொட்டிக்கு அடியில ஒளிச்சு வெச்சுட்டேன்."

"தெரியும்," என்றாள் மயிலாத்தா.

"எப்பத் தெரியும்?"

"அன்னிக்கே. பட்டறைக்காரரு கத்தி முடிச்சதுமே தறிகிட்டக் கெடந்த தலைப்ப எடுத்து முறுக்கப் பாத்தேன். அதச் சொல்லத்தான் உன்ற கையப் புடிச்சேன். நீதான் ஒதறிட்டுப் போயிட்டே."

"பொறவு ஏம் புள்ள யாருகிட்டயும் சொல்லல? ஊரெல்லாம் உன்னயத்தானே பேசுச்சு?"

மயிலாத்தா சொம்பு நீரில் விரலைக் கழுவினாள். "நீயா வருவேன்னு இருந்தேன்."

"ஆறு வருசமாவா?"

"வந்துட்டயல்ல," என்றாள் மயிலாத்தா. "என்ன, உனக்கு முந்தி உன்ற நரம்பு வந்துருச்சு. அதுக்கு இருக்கற ஒட்டு உனக்கில்ல."

பிறகு தன் பழைய சேலையின் முந்தானைப் பிசிரிலிருந்து இரண்டு நூலைப் பிரித்து, சாம்பல் கொட்டாங்குச்சியை நகர்த்தி வைத்து, "முறுக்கு பாக்கலாம்" என்று நீட்டினாள். துளசிமணியின் விரல்கள் தடுமாறின. நூல் இரண்டு முறை நழுவியது. மூன்றாம் முறை கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே அது மெல்லிய மேடாகத் தெரிந்தது, தெரிந்ததும் விரல் தானாக உருண்டது. மயிலாத்தா அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, முறுக்கு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்த்தாள். பார்த்துவிட்டுத் தலையை ஆட்டி, இடுப்பில் செருகிக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து மின்சாரம் வந்தது. வீதி வீதியாகத் தறிகள் ஓடத் தொடங்கின, ஊரெல்லாம் அழுதுகொண்டிருந்த கைக்குழந்தைகள் ஒவ்வொன்றாகத் தூங்கிப் போயின.